வாராதவர் பட்டியல்



முப்பத்திரண்டு ஆண்டுக் காலம் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கற்பித்தவற்றுள் எவ்வளவு மாணவர் உள்ளத்தில் தங்கிற்று என்பதை அறியேன். ஆனால், ஒரு வேலையை மட்டும் நாள் தவறாமல் செய்தேன் என்று துணிந்து கூறலாம். வருகைப் பதிவேட்டை நிரப்பும் வேலைதான் அது. அறுபது பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டு, வந்தவனுக்கு நீல மையில் ஒரு குறியும் வாராதவனுக்குச் சிவப்பு மையில் ஒரு குறியும் இட்டு முடிப்பதற்குள் பாடவேளையில் ஐந்து நிமிடம் போய்விடும். மறுநாள், வாராதவன் ஒரு கடிதம் கொண்டு வருவான். அதில் எழுதியிருக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: உடல்நலக் குறைவு.

அக்கடிதங்களையெல்லாம் நம்புவதாயின், எங்கள் ஊரைப் போல நோய் மலிந்த ஊர் உலகில் வேறில்லை என்றே முடிவு கட்ட வேண்டும். பொங்கலுக்கு மறுநாட்களில் காய்ச்சல். புதுத் திரைப்படம் வெளியான வெள்ளிக்கிழமையில் தலைவலி. கணக்குத் தேர்வன்று வயிற்றுவலி. மாணவரை மட்டும் சொல்வானேன்? நல்ல முகூர்த்த நாட்களில் ஆசிரியர் அறையிலும் காய்ச்சல் பரவியதுண்டு. அங்ஙனம் பரவிய காய்ச்சலில் நானும் இரண்டொரு முறை படுத்திருக்கிறேன் என்பதை இன்று மறைப்பதற்கில்லை.

இல்லாத நோயைச் சொல்லி வேலைக்குச் செல்லாதிருக்கும் இவ்வழக்கத்திற்கு வரலாறு என்று ஒன்று உண்டா என நீங்கள் கேட்கலாம். போர்களுக்கும் முடிசூட்டு விழாக்களுக்கும் உரிய ஏட்டில் வயிற்றுவலிக்கு இடம் ஏது? இடம் உண்டு. அவ்வரலாற்றின் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று கல்லால் ஆகியது. அஃது இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எகிப்து நாட்டில் நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்று லக்சர் என வழங்கும் நகருக்கு எதிரே, வறண்ட குன்றுகளின் நடுவே ஒரு சிற்றூரின் இடிபாடுகள் உள்ளன. தெய்ர் எல்-மதீனா என்பது அதன் இன்றைய அரபுப் பெயர். மன்னர் பள்ளத்தாக்கு எனப்படும் இடத்தில் பாறையைக் குடைந்து அரசர்களுக்குக் கல்லறை அமைத்த தொழிலாளர் வாழ்ந்த ஊர் அது. கல் வெட்டுவோர், சுவர்க்குச் சுதை பூசுவோர், ஓவியம் தீட்டுவோர், கணக்கெழுதுவோர் ஆகியோர் தத்தம் குடும்பத்தோடு அங்கே குடியிருந்தனர். அரசாங்கம் அவர்களுக்குக் கூலியைத் தானியமாக அளந்தது. சாதாரணத் தொழிலாளி ஒருவனுக்கு மாதத்திற்குக் கோதுமையில் நான்கு மூட்டையும், வாற்கோதுமையில் ஒன்றரை மூட்டையும் கிடைத்தன. கோதுமை அப்பத்திற்கு; வாற்கோதுமை பீர் காய்ச்சுவதற்கு. பத்து நாள் கொண்டது அவர்களுக்கு ஒரு வாரம். வேலை நாட்களில் குன்றின்மேல் அமைந்த கற்குடில்களிலே தங்கிவிட்டு, ஓய்வு நாளில் இறங்கி வீட்டிற்கு வருவார்கள்.

பாப்பிரசுத் தாள் விலையுயர்ந்தது. ஆகவே, அன்றாடக் கணக்குகளைச் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் எழுதினார்கள். கல்லறை குடையும் இடத்தில் கற்சில்லுக்கு என்ன குறைவு? கணக்கு, கடிதம், கடன், வழக்கு, சலவைத் துணிகளின் பட்டியல் என்று ஆயிரக்கணக்கான சில்லுகள் அவ்வூரில் அகப்பட்டன. பெர்னார் புருயேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1922 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் அங்கே அகழாய்வு செய்தார். யாரோஸ்லாவ் செர்னி என்னும் செக் நாட்டறிஞர் அச்சில்லுகளைப் படிப்பதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பேரரசர்களின் கல்வெட்டுகள் வெற்றிகளையே பேசும். இச்சில்லுகளோ, இன்னான் இன்னானுக்குக் கழுதை வாடகை தரவில்லை என்பதைப் பேசுகின்றன. எனக்கு இவற்றின்மீதே விருப்பம் மிகுதி.

நான் சொல்ல வந்த கல் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமுடையது. இரண்டாம் இராம்சேசு மன்னனின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1240இல், எழுதப்பெற்றது. இருபுறமும் எழுத்து நிறைந்திருக்கிறது. வலப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக நாற்பது தொழிலாளர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவன் வேலைக்கு வாராத நாட்கள் கறுப்பு மையில் வரிசையாக உள்ளன. ஏறத்தாழ ஒவ்வொரு நாளின் தலைமேலும், அன்று அவன் வாராததன் காரணம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. 280 நாட்களுக்கு உரிய கணக்கு இது. முதன்முதலாக ஒரு நூலில் இதன் படத்தைக் கண்டபோது நான் சற்றே திடுக்கிட்டேன். மூவாயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்பும் வாராதவனுக்குச் சிவப்பு மைதானா!

அக்காரணங்களுள் நோய் அடிக்கடி வருகிறது. ஹூய்நெபர் என்பவன் பலமுறை கண்நோயால் வரவில்லை. பாறைத் தூசியிலும் விளக்குப் புகையிலும் நாள் முழுதும் வேலை செய்தவனுக்குக் கண் நோகாமல் இருந்தால்தான் வியப்பு. செபா என்பவனைத் தேள் கொட்டிற்று. பாஹெரிபெட்ஜெத் என்பவன் வராததற்கு வேறு காரணம்: அவன் மருந்து தெரிந்தவன். நோயுற்ற மற்றவர்களுக்கு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை கணக்கரின் மனைவிக்கே மருந்து செய்து கொடுத்தான். அந்நாட்களும் அவன் பெயருக்கு எதிரே ஒழுங்காகக் குறிக்கப்பட்டுள்ளன. நோயுற்று வாராதவருக்கும் கூலி கிடைத்தது என்று இக்கணக்குகளை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

நோயல்லாத காரணங்களையும் பாருங்கள். ஒருவன் பீர் காய்ச்சினான். ஒருவன் தெய்வத்திற்குப் படையல் இட்டான். ஒருவன் இறந்துபோன தன் உறவினரின் உடலைத் துணியாற் சுற்றி அடக்கத்திற்கு ஆயத்தம் செய்தான். ஒருவன் வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு. மேலதிகாரியின் சொந்த வேலைக்காகச் சென்றான் என்னும் குறிப்பும் பலவிடத்து வருகிறது. அதிகாரிகளின் அந்த வழக்கமும் புதியதன்று போலும்!

இக்கல்லை மக்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பீர் காய்ச்ச விடுமுறையா என்று சிரிக்கிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. பீர் அவர்களுக்கு நாள் உணவு. தெய்வத்திற்குரிய படையற் பொருள். அதனைக் காய்ச்சுவது நம் வீட்டில் நெல் அவிப்பதையோ, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மிளகாய்த்தூளை இடித்து வைப்பதையோ ஒத்த வேலை. அக்கணக்கர் அதனை உள்ளபடியே எழுதினார். தாய்க்கு இறுதிக்கடன் செய்தவனுக்கு, 'தாய்க்கு இறுதிக்கடன்' என்றே எழுதினார். பீர் காய்ச்சியவன் தனக்கு வயிற்றுவலி என்று சொல்ல வேண்டிய தேவை அங்கே இல்லை. காரணத்திற்கு அங்கே இடம் இருந்தது. நோய் என்பது பல காரணங்களுள் ஒன்றாக இருந்ததேயன்றி, வாயிலைத் திறக்கும் ஒரே திறவுகோலாக இருக்கவில்லை.

அந்நாற்பதின்மருள் ஒருவனும் பொய் சொல்லவில்லை என்று நான் கூறமாட்டேன். ஹூய்நெபரின் கண் எத்தனை நாள் உண்மையாகவே நொந்தது என்பதைக் கல் எப்படிச் சொல்லும்? ஆயினும், வேறொரு குறிப்பு என் நினைவுக்கு வருகிறது. மெரிசெக்மெத் என்னும் ஒரு தொழிலாளி நோயுற்றபின் இரண்டு நாள் தொடர்ந்து கல்லறைக்கு இறங்கிச் சென்றான். வேலை செய்ய இயலவில்லை. குன்றேறி ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கிடந்து தேறினான். நோயைச் சொல்லி ஓய்வு பெறக்கூடிய இடத்திலும், முடியாத உடம்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்குச் சென்றவர் இருந்தனர்.

இன்னொன்றும் கூற வேண்டும். அவ்வூரை ஓர் இன்ப உலகமாகக் கருதிவிடக் கூடாது. மூன்றாம் இராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், கூலித் தானியம் பல நாள் வந்து சேரவில்லை. தொழிலாளர் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவற்சுவர்களைக் கடந்து சென்று, ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டனர். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களுள் உலகத்திலேயே முதன்மையானது அது என்பர். அதனைக் கூறும் பாப்பிரசு இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் உள்ளது. அவர்கள் நோய் என்று சாக்குச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பசிக்கிறது என்றே சொன்னார்கள். அவ்வாறு வாய்திறந்து சொல்லும் நிலை அவர்களுக்கு இருந்தது.

அந்நிலை இல்லாதவர் என்ன செய்வர்? இதற்கு விடை காண, மூவாயிரம் ஆண்டுகளைத் தாண்டி அமெரிக்க நாட்டின் தென்பகுதிக்கு வர வேண்டும். அங்கே 1865 வரை, பருத்தியும் புகையிலையும் விளைந்த பண்ணைகளில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். அடிமைக்கு விடுப்பு இல்லை, கூலி இல்லை, தன் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. வேலையை மறுத்தால் சவுக்கு. ஒரே ஒரு காரணத்தை மட்டும் உடையவன் சற்றே காது கொடுத்துக் கேட்பான். அதுதான் நோய். கேட்பதும் இரக்கத்தால் அன்று. விலை கொடுத்து வாங்கிய உடம்பு கெட்டுவிடுமே என்னும் அச்சத்தால். ஆகவே, நோய் என்று சொல்வது அங்கே ஆயுதமாயிற்று. ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட் என்பவர் 1850களில் தென்மாநிலங்களைச் சுற்றிப் பார்த்து நூல்கள் எழுதினார். அடிமைகள் நோயுற்றதாக நடிக்கிறார்கள் என்று உடைமையாளர் சொன்ன குறைகள் அவர் நூல்களில் நிறைய உண்டு. 1942இல் அமெரிக்க அறிஞர் இருவர் இதனைக் குறித்துக் கட்டுரை வரைந்து, நோய் நடிப்பை அடிமைகளின் அன்றாட எதிர்ப்பு முறைகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினர்.

ஆனால், நண்பர்களே, இவ்வாயுதத்திற்கு இருபுறமும் கூர். நோய் என்று சொன்னவர் எல்லாரும் பொய்யர் என உடையவன் முடிவு கட்டிவிட்டால், உண்மையாகவே நோயுற்றவன் கதி என்ன? ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. அப்போது அவருக்கு வயது பதினாறு இருக்கலாம். அடிமைகளை அடித்துப் பணிய வைப்பதில் பேர்பெற்ற கோவி என்னும் உழவனிடம் ஓராண்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஆகஸ்டு மாத வெயிலில், பிற்பகல் மூன்று மணி அளவில், கோதுமை தூற்றும் இடத்துக்குச் சுமை கொண்டு கொடுத்தவர், தலை சுழன்று, உடம்பெல்லாம் நடுங்கி, கீழே விழுந்தார். ஊர்ந்து சென்று வேலியின் நிழலில் கிடந்தார். கோவி வந்தான், என்னவென்று கேட்டான், சொன்னார். உதைத்தான். எழ முயன்று மீண்டும் விழுந்தவரின் தலையில் மரச்சட்டத்தால் அடித்தான். குருதி வழிய, முட்புதர்களின் வழியே ஏழு கல் தொலைவு நடந்து, தம் உடைமையாளனிடம் சென்று முறையிட்டார் டக்ளஸ். அவன் என்ன செய்தான் தெரியுமா? பேதி உப்பை நிறையக் கொடுத்து, இரவு மட்டும் தங்கிவிட்டு விடிந்ததும் கோவியிடமே திரும்பிப் போகச் சொன்னான். குருதியைக் கண்ட பிறகும் அவன் அனுப்பிவிட்டான்.

அதே காலத்தில், 1851இல், சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர் இரண்டு புதிய நோய்களைக் கண்டுபிடித்ததாக எழுதினார். அடிமை தப்பி ஓடுவது ஒரு நோய். அடிமை வேலையில் அசட்டையாக இருப்பது மற்றொரு நோய். இரண்டாவதற்கு அவர் சொன்ன மருத்துவம் யாதெனில், உடம்பில் எண்ணெய் தடவி, அகன்ற தோல்வாரால் அடித்து அதனை உள்ளேற்றி, வெயிலில் கடுமையாக வேலை வாங்குவதாம். நோயுற்றவன் நோயாளி அல்லன். விடுதலையை விரும்பியவனே நோயாளி! பதிவேடு யார் கையில் இருக்கிறதோ, நோய்க்குப் பொருள் சொல்வதும் அவர் கையிலே.

நம் மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடிமை முறை ஒழிந்த காலத்தையொட்டி, மொரீசியசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். கல்கத்தாவிலிருந்து போலவே சென்னைத் துறையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. அங்கே 'இரட்டை வெட்டு' என்றொரு முறை இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வாராவிடில், அந்த நாட் கூலியோடு இன்னொரு நாட் கூலியும் பிடித்தம். மாதம் ஐந்து ரூபாய் பெறும் ஒருவன் சில நாட்கள் வரவில்லையெனில், மாத முடிவில் அவனுக்கு என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிடலாம். அவன் வாராதது எதனால் என்று தீர்மானித்தவர் தோட்டத்தார், ஏடும் அவர்களுடையது. 1871இல், அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்பவரின் முயற்சியால், இந்தியக் குடியேறிகள் 9,401 பேர் ஆளுநருக்கு முறையீடு செய்துகொண்டனர். அம்முயற்சியில் துணை நின்றவர் இராசரத்தின முதலியார் என்னும் தமிழர். அதன் பயனாக அரச ஆணைக்குழு ஒன்று வந்து விசாரித்து, 1875இல் அறிக்கை வெளியிட்டது. அதன்பின்னும் இரட்டை வெட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. எகிப்தியக் கணக்கரின் கல்லில் நாளின் தலைமேல் ஒரு காரணம் இருந்தது. தோட்டத்து ஏட்டில் பிடித்தத் தொகை மட்டுமே இருந்தது.

பிறர் குற்றங்களை இவ்வளவு சொன்னபின் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

பதினோராம் வகுப்பில் ஒரு மாணவன், பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வருபவன். ஒரே மாதத்தில் மூன்று கடிதம் கொண்டு வந்தான். மூன்றிலும் வயிற்றுவலி, மூன்றும் திங்கட்கிழமை. மூன்றாம் கடிதத்தை வகுப்பறையிலே உரக்கப் படித்துவிட்டு, "உன் வயிற்றுக்குக் கிழமை தெரியும் போலிருக்கிறதே!" என்றேன். வகுப்பு சிரித்தது. என் பேச்சுத் திறத்தை நானும் மெச்சிக்கொண்டேன். அதன்பின் அவன் கடிதம் கொண்டு வரவில்லை, நாள்தோறும் வந்தான். வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையில் பலகையின்மேலே சாய்ந்துவிட்டான். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். குடல்வால் வீங்கி வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். அறுவை நடந்தது, பிழைத்துக்கொண்டான். ஆனால், அவ்வாண்டுப் படிப்புப் போயிற்று. அவன் தாய் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "லீவு போட்டா சார் ஏசுவாருன்னு வலியோட போனான் ஐயா" என்று மட்டும் கூறினார்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அதுவும் வாராமலே தெரிந்தது.

பிறகு அவனே சொன்னான். முதல் இரண்டு கடிதமும் பொய். திங்கட்கிழமை அவ்வூர்ச் சந்தை. தந்தைக்குத் தோள் நொந்திருந்தமையால், காய்கறி மூட்டைகளை இறக்கி ஏற்ற அவன் போக வேண்டியிருந்தது. மூன்றாவது வலி மெய்யாகவே வந்தது. இரண்டு முறை என் ஊகம் சரியாக இருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆறுதல் உண்டாவதில்லை. சந்தைக்குப் போனேன் என்று எழுதியிருந்தால் நான் ஏற்றிருப்பேனா? ஏற்றிருக்க மாட்டேன். எங்கள் பள்ளியில் அது காரணமே அன்று. நோய்தான் காரணம். ஆகவே, அவன் நோய் என்று எழுதினான். அதனாலேயே, நோய் வந்தபோது அவன் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போயிற்று.

அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் அவன் மீண்டும் அதே வகுப்பில் வந்து அமர்ந்தான். சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயன்று ஒரு கடிதம் தந்தான். 'தந்தையாருடன் சந்தைக்குச் சென்றிருந்தேன்' என்று ஒரே வரி. கையெழுத்துச் சற்றே நடுங்கியிருந்தது. அதனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை விரித்தேன். அவன் பெயருக்கு நேரே, முந்திய நாளின் கட்டத்தில் சிவப்புக் குறி இருந்தது. அதன் தலைமேல், கட்டத்துக்குள் அடங்குமாறு சிறிய எழுத்தில், 'சந்தை' என்று சிவப்பு மையால் எழுதினேன். ஆண்டுத் தணிக்கைக்கு வந்த அதிகாரி அச்சொல்லைப் பார்த்து, பென்சிலால் பக்கத்தில் ஒரு வினாக்குறி இட்டுச் சென்றார்.